நோவாவின் ஏழு கட்டளைகள்: யூதர் அல்லாத உலகுக்கு யூத மதம் என்ன சொல்கிறது?

யூத மதம் பிறரை மதம் மாறச் சொல்லி வீட்டுக் கதவைத் தட்டுவதில்லை. ஆனாலும் உலகத்தார் அனைவருக்கும் ஏழு கடமைகள் உண்டு என்று அது நெடுங்காலமாகச் சொல்லிவருகிறது. எந்தச் சமூகமும் இந்த ஏழின் மேல் நிற்கலாம் என்பது அதன் வாதம். இதைக் கேள்விப்படுகிறவர்கள் வழக்கமாகக் கேட்பவற்றுக்கு இங்கே பதில்கள். பதில்களில் என் கருத்தும் கலந்திருக்கும்.

யூதர்களுக்கு 613 கட்டளைகள் என்கிறார்களே, அவை எல்லோருக்குமா?

இல்லை. 613 என்பது, யூத மத அறிஞர்களான ரபிகளின் விவாதங்களைத் தொகுத்த தல்மூதில் ரபி சிம்லாய் சொல்லும் கணக்கு. செய்யவேண்டியவை 248, செய்யக்கூடாதவை 365. இந்த மொத்தச் சுமையும் யூதர்களுடையது. பன்றிக்கறி விலக்கு, ஓய்வுநாள், எட்டாம் நாள் விருத்தசேதனம் எதுவும் மற்றவர்களைக் கட்டுப்படுத்தாது.

மற்றவர்களை யூத மரபு 'நோவாவின் பிள்ளைகள்' என்று அழைக்கிறது. பிரளயத்தில் தப்பியது நோவாவின் குடும்பம் மட்டுமே. ஆகவே மனிதகுலம் முழுவதும் அவர் வம்சம். அவர்களுக்கு ஏழு கட்டளைகள்: நீதிமன்றங்களை ஏற்படுத்த வேண்டும், கடவுளை நிந்திக்கக்கூடாது, விக்கிரகங்களை வணங்கக்கூடாது, தாய், பிறன் மனைவி என்று விலக்கப்பட்ட உறவுகளில் ஈடுபடக்கூடாது, கொல்லக்கூடாது, திருடக்கூடாது, உயிரோடிருக்கும் விலங்கின் உறுப்பை அறுத்துத் தின்னக்கூடாது. முதலாவது மட்டும் 'செய்' என்கிறது. மீதி ஆறும் 'செய்யாதே'.

இந்தப் பட்டியல் பைபிளில் எங்கே இருக்கிறது?

பட்டியலாக எங்கும் இல்லை. தொசெஃப்தா என்ற பழைய சட்டத் தொகுப்பிலும், தல்மூதின் சன்ஹெத்ரின் பகுதியிலும்தான் அது முழு உருவம் பெறுகிறது. ஆதியாகமம் 9ஆம் அதிகாரத்தில் இரண்டு விதிகளுக்கு நேரடி ஆதாரம் உண்டு. 'மாம்சத்தை அதின் உயிராகிய இரத்தத்தோடே புசிக்கவேண்டாம்' என்பது ஒன்று. மனிதன் தேவசாயலில் உண்டாக்கப்பட்டதால் அவன் இரத்தத்தைச் சிந்துகிறவனுடைய இரத்தமும் சிந்தப்படும் என்பது மற்றொன்று.

மீதியை ரபிகள் ஆதியாகமம் 2:16இலிருந்து எடுக்கிறார்கள். தோட்டத்திலுள்ள எல்லா மரங்களின் கனியையும் உண்ணலாம் என்று கடவுள் ஆதாமுக்குச் சொல்லும் வசனம் அது. 'கட்டளையிட்டார்' என்ற சொல் நீதிமன்றத்தைக் குறிக்கிறதாம். உண்ண அனுமதி தேவைப்பட்டது என்றால் அனுமதியில்லாமல் எடுப்பது திருட்டாம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது வலிந்து பொருள் கொள்வதாகத்தான் தோன்றும். எனக்கும் அப்படித்தான். விதிகள் முதலில் இருந்தன, வசனத்தில் அவற்றுக்கு இடம் பிறகு தேடப்பட்டது என்று நினைக்கிறேன். ரபிகளும் இதில் ஒரே குரலில் பேசவில்லை. தல்மூதின் அதே பக்கத்தில் ஒருவர் சூனியத்தைச் சேர்க்கிறார், இன்னொருவர் விலங்குகளுக்குக் காயடிப்பதைச் சேர்க்கிறார். ஏழு என்பது கடைசியில் நிலைத்துப்போன எண்.

பத்துக் கட்டளைகள் இருக்கும்போது இது எதற்கு?

பத்துக் கட்டளைகள் உலகப் பொதுவானவை என்பது கிறிஸ்தவ மரபின் வழியே நமக்கு வந்த எண்ணம். யூதப் பார்வையில் அவை சீனாய் மலையில் ஒரு குறிப்பிட்ட மக்களோடு செய்த உடன்படிக்கை. 'உன்னை எகிப்திலிருந்து புறப்படப்பண்ணினேன்' என்றே அது தொடங்குகிறது. எகிப்தில் அடிமையாக இராதவனிடம் அந்த வாக்கியத்தை எப்படிச் சொல்வது?

ஒப்பிட்டால் வேறுபாடு தெரியும். ஓய்வுநாள் ஏழில் இல்லை. இன்னும் வியப்பானது, தாய் தந்தையரைக் கனம்பண்ணுவதும் இல்லை. ஆனால் பெற்றோரை எந்த அளவுக்கு மதிக்கவேண்டும் என்று ரபி எலியேசரிடம் கேட்டபோது, அவர் எடுத்துக்காட்டியது ஒரு யூதனை அல்ல. அஸ்கலோன் ஊரின் தாமா பென் நெத்தினா என்ற அந்நியனை.

எருசலேம் ஆலயத்தின் பிரதான ஆசாரியருடைய ஏபோத் என்னும் அங்கிக்கு இரத்தினக்கல் தேவைப்பட்டது. அது தாமாவிடம் இருந்தது. பெரும் விலை பேசினார்கள். ஆனால் பெட்டியின் சாவி தூங்கிக்கொண்டிருந்த தந்தையின் தலையணைக்கு அடியில். அவரை எழுப்ப மனமில்லாமல் அத்தனை லாபத்தையும் தாமா விட்டுவிட்டார். மறுவருடம் அவருடைய மந்தையில், ஆலயச் சடங்குக்கு வேண்டிய, கிடைப்பதற்கு மிக அரிதான சிவப்புக் கிடாரி பிறந்தது. விட்ட தொகையை மட்டும் அதற்கு விலையாகக் கேட்டார் என்று பாபிலோனிய தல்மூத் சொல்கிறது. சட்டம் அவரிடம் கேட்காத ஒன்றை அவர் செய்தார். சட்டம் கேட்ட மக்களுக்கு அவரே இலக்கணம் ஆனார்.

ஏழில் எது மிக முக்கியம்?

என்னைக் கேட்டால் நீதிமன்றம். கொல்லாதே, திருடாதே என்று சொல்லாத நாகரிகம் கிடையாது. ஆனால் 'நீ நல்லவனாக இருந்தால் மட்டும் போதாது, உன் ஊரில் நீதி நடக்க ஏற்பாடு செய்' என்பதை ஒரு மதக் கடமையாக அந்நியர் மேலும் வைப்பது அரிது. தனிமனித ஒழுக்கம் இங்கே ஊர்ப் பொறுப்பாகிறது.

இதன் பொருள் என்ன என்பதில் இரண்டு பெரும் அறிஞர்கள் மோதிக்கொண்டார்கள். களம், ஆதியாகமம் 34. சீகேம் என்ற இளவரசன் யாக்கோபின் மகள் தீனாளைத் தூக்கிச்சென்று கெடுத்துவிடுகிறான். அவளுடைய அண்ணன்மார் சிமியோனும் லேவியும் அந்த நகரத்து ஆண்கள் அனைவரையும் வெட்டிச் சாய்க்கிறார்கள். தவறு செய்தவன் ஒருவன்; ஊரே ஏன் சாகவேண்டும்?

12ஆம் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த மைமோனிடிஸின் பதில்: அந்த ஊரார் குற்றத்தைக் கண்டார்கள், அறிந்தார்கள், அவனை நியாயம் விசாரிக்கவில்லை. நீதிமன்றக் கட்டளையை மீறியதால் எல்லோரும் குற்றவாளிகள். அடுத்த நூற்றாண்டில் ஸ்பெயினின் நக்மானிடிஸ் இதை ஏற்கவில்லை. அப்படியானால் யாக்கோபு ஏன் மகன்களைக் கடிந்துகொண்டார், சாகும் நேரத்திலும் அவர்கள் கோபத்தை ஏன் சபித்தார் என்று கேட்டார். அவரைப் பொறுத்தவரை இந்தக் கட்டளை மற்ற ஆறை மீறுவோரைத் தண்டிக்க மட்டும் உள்ளதல்ல. மோசடி, கூலி நிறுத்திவைத்தல், கடன், சேதத்துக்கு ஈடு என்று ஒரு சமூகத்துக்கு வேண்டிய உரிமையியல் சட்டம் முழுவதும் அதற்குள் அடங்கும்.

நக்மானிடிஸ் பக்கம்தான் நான் நிற்பேன். தண்டனை தராத ஊரைக் கொன்று தீர்க்கலாம் என்ற வாதம், எத்தனை பெரியவர் சொன்னாலும், நீதிமன்றத்தின் பெயரால் நீதிமன்றத்தையே தள்ளிவிடுகிறது.

உயிருள்ள விலங்கின் உறுப்பு என்பது விசித்திரமாக இருக்கிறதே?

கொலை, களவு வரிசையில் இது வந்து உட்காருவது முதலில் விசித்திரம்தான். ஆனால் வரிசையைக் கவனியுங்கள். ஆதாமுக்கு உணவாகத் தரப்பட்டவை தாவரங்கள் மட்டுமே. பிரளயத்துக்குப் பிறகுதான் நோவாவுக்கு இறைச்சி அனுமதிக்கப்படுகிறது. அந்த அனுமதியோடு கூடவே வந்த எல்லைக்கோடு இது: கொன்று தின்னலாம், வதைத்துத் தின்னக்கூடாது. ஏழில் மனிதனுக்கு அப்பாற்பட்ட உயிரைப் பற்றிப் பேசுவது இது ஒன்றே.

இதில் ஒரு நுணுக்கம். முறைப்படி அறுத்த விலங்கு இன்னும் துடித்துக்கொண்டிருக்கையில் வெட்டியெடுத்த இறைச்சியை யூதர் பிறகு உண்ணலாம். நோவாவின் பிள்ளைக்கு அது விலக்கு என்கிறார் மைமோனிடிஸ். 613 உடையவனைவிட ஏழு உடையவனுக்குக் கண்டிப்பு கூடிய இடங்களில் இது ஒன்று.

கடவுள் நம்பிக்கை இல்லாதவர் இவற்றைக் கடைப்பிடித்தால்?

இங்கேதான் 'எல்லாச் சமூகங்களுக்கும் அடித்தளம்' என்ற பேச்சு சோதனைக்கு உள்ளாகிறது.

யூதர் அல்லாதோரில் நீதிமான்களுக்கு மறுமையில் பங்கு உண்டு என்று தொசெஃப்தாவில் ரபி யோசுவா சொல்கிறார். அதுவே யூத மரபின் பொதுக்கருத்தாக நிலைத்தது. சொர்க்கத்துக்குப் போக யூதராக வேண்டியதில்லை. மைமோனிடிஸும் இதை ஏற்கிறார். ஆனால் ஒரு நிபந்தனை வைக்கிறார்: கடவுள் மோசேயின் வழியே அறிவித்தார் என்று நம்பி ஏழையும் கைக்கொள்பவரே பக்திமான். தன் பகுத்தறிவு சொல்கிறது என்பதற்காகக் கைக்கொள்பவர் பக்திமான் அல்லர். பழைய அச்சுப் பதிப்புகளில் 'அவர்களுடைய ஞானிகளிலும் ஒருவர் அல்லர்' என்று இருக்கிறது. வேறு பிரதிகளில் 'ஆனால் அவர்களுடைய ஞானிகளில் ஒருவர்' என்று இருக்கிறது. எபிரேயத்தில் ஓர் எழுத்து மாறியதால் வந்த வேறுபாடு இது.

1670இல் தத்துவவாதி ஸ்பினோசா இந்தப் பகுதியைச் சுட்டிக்காட்டி, யூதச் சட்டம் பகுத்தறிவு வழிவந்த ஒழுக்கத்தை மதிப்பதில்லை என்றார். நூறு ஆண்டு கழித்து அதே பகுதி மோசஸ் மெண்டல்சோனின் தூக்கத்தைக் கெடுத்தது. பெர்லினில் வாழ்ந்த, கற்றோர் சபைகளில் யூதர்களின் முகமாக இருந்த தத்துவவாதி அவர். மோசேயின் பெயரையே கேள்விப்படாத தேசங்களில், மனச்சாட்சிப்படி நேர்மையாக வாழ்ந்த கோடிக்கணக்கானோர் எல்லாம் கெட்டுப்போவார்களா என்ற ஆற்றாமையோடு 1773இல் ரபி யாக்கோப் எம்டெனுக்குக் கடிதம் எழுதினார். எம்டென் மைமோனிடிஸின் பக்கமே நின்றார்.

மெண்டல்சோன் கேட்டது நியாயமான கேள்வி. ஓர் அடித்தளத்தில் நிற்க முதலில் இன்னொருவருடைய வேதத்தை ஏற்கவேண்டும் என்றால் அது எல்லோருக்குமான அடித்தளம் அன்று. 'ஞானிகளில் ஒருவர்' என்ற பாடத்தை எடுத்துக்கொண்டால், மறுமையைப் பற்றிய பேச்சு ஒருபுறம் இருக்க, இந்த உலகில் சேர்ந்து வாழ ஓர் இடமாவது கிடைக்கிறது.

விக்கிரக வழிபாடு கூடாது என்றால் இந்துக்கள் கதி என்ன?

தமிழில் இதைப் பேசும்போது எல்லோருக்கும் முதலில் தோன்றும் கேள்வி இது. இதை மழுப்பிவிட்டு மேலே போகக்கூடாது.

யூதச் சட்டத்தில் விக்கிரக வழிபாடு வெறும் கருத்து வேறுபாடு அல்ல. விக்கிரகத்துக்குப் படைத்த பொருளால் யூதர் எந்தப் பயனும் அடையக்கூடாது. 2004 மே மாதத்தில் இந்த விதி நேராகத் திருமலையில் வந்து முட்டியது. ஆசாரமான யூதக் குடும்பங்களில் மணமான பெண்கள் தலைமுடியை மறைப்பார்கள். பலர் அதற்கு விக் அணிகிறார்கள். நல்ல விக்குகளில் பல இந்திய முடியால் ஆனவை. அதில் பெருமளவு கோயில்களில் கொடுக்கப்படும் முடி காணிக்கை. எருசலேமின் மூத்த ரபி யோசெப் ஷாலோம் எல்யாஷிவ், அந்த முடி தெய்வத்துக்குப் படைத்தது, ஆகவே விலக்கு என்று தீர்ப்பளித்தார். நியூயார்க்கின் புரூக்ளினிலும் இஸ்ரேலிலும் விலையுயர்ந்த விக்குகளைத் தெருவில் போட்டு எரித்தார்கள்.

அவர்கள் விவாதித்த கேள்வியைப் பாருங்கள்: மொட்டையடிக்கும் அந்தச் செயலே படையலா? அல்லது சாமி கும்பிடப் போவதற்கு முன் அழகையும் செருக்கையும் விட்டுவிடும் அடையாளமா? முதலாவது என்றால் முடி விலக்கு. இரண்டாவது என்றால் அது வெறும் முடி. திருப்பதிக்கோ பழநிக்கோ வேண்டுதல் முடிக்கப் போனவர்களிடம் கேட்டால் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். ரபிகளும் அதில் ஒத்துப்போகவில்லை.

எதிர்த்திசையில் ஒரு நிகழ்வும் உண்டு. 2007இல் டெல்லியிலும் 2008இல் எருசலேமிலும் இஸ்ரேலின் தலைமை ரபிகளும் இந்து ஆச்சாரியர்களும் சந்தித்துப் பேசினார்கள். இந்துக்கள் தரப்பை முன்னின்று நடத்தியவர் திருவாரூர் மாவட்டம் மஞ்சக்குடியில் பிறந்த சுவாமி தயானந்த சரஸ்வதி. எருசலேமில் வெளியான அறிக்கை, இந்துக்கள் உருவமற்றதும் உருவம் கொண்டதுமான ஒரே பரம்பொருளை வணங்குகிறார்கள் என்பதை ஏற்று, அவர்கள் 'விக்கிரகங்களை' வணங்குவதாகச் சொல்வது பொருந்தாது என்றது. எல்லா ரபிகளையும் இது கட்டுப்படுத்தாது. ஆனாலும் சிறிய விஷயம் அல்ல.

யூதச் சட்டத்துக்குள்ளேயே வேறு வழிகளும் இருக்கின்றன. ஒரே கடவுளோடு வேறொன்றையும் சேர்த்து வழிபடுவது யூதருக்கு விலக்கு, மற்றவர்களுக்கு விலக்கு இல்லை என்று சில அறிஞர்கள் கொண்டார்கள். ஐரோப்பாவில் கிறிஸ்தவர்களோடு வாழ்ந்த யூதர்கள் இதைப் பற்றிக்கொண்டார்கள். 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பெர்பிஞ்ஞானில் எழுதிய மெனாகெம் மெய்ரி இன்னும் துணிந்தார். தல்மூத் கண்டிக்கும் பழைய விக்கிரகக்காரர்கள் எந்தக் கட்டுப்பாடும் இல்லாதவர்கள். மத ஒழுங்குக்குக் கட்டுப்பட்டு வாழும் இன்றைய மக்கள் சட்டத்தின் முன் நமக்குச் சமம் என்றார். அவர் கண்ணெதிரே இருந்தவர்கள் கிறிஸ்தவர்கள். ஆனால் அவர் வைத்த அளவுகோல் இறையியல் அல்ல, நடத்தை.

மேலே சொன்ன தாமாவைப் பற்றி, தல்மூதின் இன்னொரு தொகுப்பான எருசலேம் தல்மூத் வேறொன்றும் சொல்கிறது. தந்தை உட்காரும் கல்லில் அவர் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. தந்தை இறந்ததும் அந்தக் கல்லையே தெய்வமாக்கி வணங்கினார். பெற்றோர் பக்திக்கு ரபிகள் காட்டிய மனிதர் கல்லை வணங்கியவர். அதை மறைக்காமல் எழுதியும் வைத்தார்கள்.

மீறினால் மரண தண்டனை என்கிறார்களே, உண்மையா?

தல்மூத் ஏட்டில் உண்மை. ஒரே நீதிபதி, ஒரே சாட்சி போதும். முன்னெச்சரிக்கை தேவையில்லை என்றும் இருக்கிறது. யூதர் மேல் மரண தண்டனை விதிக்க இரண்டு சாட்சிகளும் எச்சரிக்கையும் 23 நீதிபதிகளும் வேண்டும். இந்த ஏற்றத்தாழ்வுக்கு நான் வக்காலத்து வாங்கப் போவதில்லை. அதே சமயம், ஆலயம் கி.பி. 70இல் இடிக்கப்படுவதற்கு 40 ஆண்டுகளுக்கு முன்பே யூத நீதிமன்றங்கள் மரண தண்டனை வழக்குகளை விட்டுவிட்டன என்று தல்மூதே சொல்கிறது.

அமெரிக்கா இதைச் சட்டமாக்கிவிட்டது என்று வாட்ஸ்அப்பில் வந்ததே?

1991இல் அமெரிக்க நாடாளுமன்றம் மார்ச் 26ஐக் 'கல்வி நாள்' என்று அறிவித்தது. அது லூபாவிச் என்னும் யூதப் பிரிவின் தலைவர் மெனாகெம் மெண்டல் ஷ்னேயர்சனின் எபிரேயப் பிறந்தநாள். நாகரிகத்தின் தொடக்கத்திலிருந்தே சமூகத்துக்கு அடித்தளமாக இருந்த நெறிகள் 'நோவாவின் ஏழு சட்டங்கள்' என்று அறியப்பட்டன என்ற வரி அந்தத் தீர்மானத்தில் உண்டு. மரியாதைக்கான அறிவிப்பு அது. யாரையும் எதற்கும் கட்டாயப்படுத்தாது. அதைக் காட்டிக் கிறிஸ்தவர்களின் தலையை வெட்டப் போகிறார்கள் என்று பரப்பப்படுவது, யூதர்களைப் பற்றிய பழைய வெறுப்புக் கதைகளின் புதுச் சட்டை.

யூதர் அல்லாத சிந்தனையாளர்கள் இதை எடுத்துக்கொண்டார்களா?

எடுத்துக்கொண்டார்கள். ஆங்கிலேய நாடாளுமன்ற உறுப்பினரும் சட்ட அறிஞருமான ஜான் செல்டன் 1640இல் இயற்கைச் சட்டத்தைப் பற்றி லத்தீனில் ஒரு பெரிய நூல் எழுதினார். எல்லா மக்களுக்கும் பொதுவான சட்டம் எது என்ற கேள்விக்கு அவர் கிரேக்கர்களிடம் மட்டும் போகவில்லை. இந்த ஏழையும் சட்டகமாக வைத்தார். யூதர்கள் இங்கிலாந்தில் குடியிருக்கவே அனுமதி இல்லாத காலம் அது.

1888இல் ஜெர்மனியின் மார்பர்க் நகரில் ஒரு பள்ளி ஆசிரியர், யூதர் அல்லாதவரை ஏமாற்ற தல்மூத் அனுமதிக்கிறது என்று பேசி வழக்கில் சிக்கினார். நிபுணர் கருத்து தர நீதிமன்றம் அழைத்தவர்களில் ஒருவர் தத்துவப் பேராசிரியர் ஹெர்மன் கோகன். வேறு நம்பிக்கை உடையவனையும் நீதிக்கு உரியவனாக ஏற்கும் கருத்து நோவாவின் பிள்ளை என்பதில் இருக்கிறது என்பதை அவர் தம் எழுத்தில் பிற்காலம்வரை வலியுறுத்தினார்.

கிறிஸ்தவத்தில் இதன் சுவடு உண்டா?

அப்போஸ்தலர் நடபடிகள் 15ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். யூதர் அல்லாத புது விசுவாசிகள் விருத்தசேதனம் செய்யவேண்டாம். விக்கிரகங்களுக்குப் படைத்தது, இரத்தம், நெரித்துக் கொன்றது, வேசித்தனம் ஆகியவற்றை விலக்கினால் போதும் என்று எருசலேமில் முடிவெடுக்கிறார்கள். ஏழின் பட்டியல் அல்ல இது. ஆனால் அந்நியனிடம் குறைந்தபட்சம் எதைக் கேட்பது என்ற அதே கேள்வி.

சரி, எல்லாச் சமூகங்களுக்கும் இது அடித்தளம் ஆகுமா?

ஏழையும் அப்படியே எடுத்து ஒரு நாட்டின் சட்டமாக்க முடியாது, ஆக்கவும் கூடாது. நிந்தனையும் விக்கிரகமும் சட்டப் புத்தகத்துக்குள் வந்த நாடுகளில் நடப்பதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். ஆனால் இந்த யோசனையின் அச்சாணி வேறு. 'நீ என்னைப்போல் ஆகவேண்டாம், என் கடவுளின் நியாயத்துக்கு நீயும் உட்பட்டவன்' என்பது அது.

அதன் மிகச் சிறந்த வடிவம் சட்ட ஏட்டில் இல்லை, தீர்க்கதரிசிகளிடம் இருக்கிறது. ஆமோஸ் அண்டை நாடுகளை ஒவ்வொன்றாகக் கூண்டில் ஏற்றுகிறார். குற்றப்பத்திரிகையில் விக்கிரகம் இல்லை. சிறைப்பட்டவர்களைக் கூட்டமாக விற்றது, கர்ப்பிணிகளின் வயிற்றைக் கீறியது என்று போர்க் கொடுமைகள் இருக்கின்றன. மோவாப் மேல் உள்ள குற்றம் ஏதோம் ராஜாவின் எலும்புகளைச் சுண்ணாம்பாகச் சுட்டது. இரண்டு பேருமே இஸ்ரவேலர் அல்லர். யாரோ ஒரு அந்நியன் இன்னொரு அந்நியனின் பிணத்தை அவமதித்தால் அதற்கும் கணக்கு உண்டு என்கிறார் ஆமோஸ். நினிவே மக்கள் மனம் திரும்பியபோதும் அவர்கள் கைவிட்டதாக யோனா சொல்வது கொடுமையையும் பொல்லாத வழியையுமே. விக்கிரகங்களை உடைத்ததாக ஒரு வரி இல்லை.

இன்று இதைக் கடைப்பிடிப்பவர்கள் இருக்கிறார்களா?

இருக்கிறார்கள். லியோன் நகரத்துக் கத்தோலிக்கரான ஏமே பல்லியேர் யூதராக விரும்பியபோது, இத்தாலியின் லிவோர்னோ ரபி எலியா பெனமோசெக் தடுத்து, நோவாவின் பிள்ளையாகவே இரு என்றார். 1900இல் ரபி இறந்தபின் அவருடைய கைப்பிரதியைத் தொகுத்து 1914இல் பாரிஸில் வெளியிட்டவர் பல்லியேர்தான். 1980களில் ஷ்னேயர்சன் இதை ஓர் இயக்கமாகவே முடுக்கிவிட்டார். இன்று அமெரிக்காவிலும், குறிப்பாகப் பிலிப்பைன்ஸிலும் இப்படி வாழும் குழுக்கள் உண்டு. பலர் கிறிஸ்தவச் சபைகளிலிருந்து வெளியேறியவர்கள்.

சேர விரும்பினால் சடங்கு உண்டா?

இல்லை. மூன்று யூதர் முன் உறுதி எடுத்துக் குடியுரிமை பெறும் பழைய முறை, நிலம் பழைய உரிமையாளருக்கே திரும்பும் ஐம்பதாம் ஆண்டான யூபிலி வழக்கில் இருந்த காலத்துக்கே உரியது என்று தல்மூத் சொல்கிறது. இன்று சிலர் ரபிகள் முன் உறுதி சொல்கிறார்கள், கட்டாயம் அல்ல. அவர்களுக்குப் பெரிய சங்கடம் ஓய்வுநாள்தான். ஏழு விதிகளைக் கொண்டு வாரத்தை நிரப்ப முடியாது. பாட்டு, பண்டிகை, கூடிச் சாப்பிடும் நாள் வேண்டும் என்று மனம் தேடுகிறது. ஆனால் யூதர் அல்லாதவர் ஓய்வுநாளை யூதரைப்போல் அனுசரிப்பதைத் தல்மூத் கடுமையாகத் தடுக்கிறது. தாமாகப் புது மதம் உண்டாக்கக்கூடாது என்கிறார் மைமோனிடிஸ். அதற்கு அடுத்த பத்தியிலேயே, ஏழுக்கு மேல் வேறு கட்டளைகளைப் பலன் கருதி முறையாகச் செய்ய ஒருவர் விரும்பினால் தடுக்கக்கூடாது என்றும் எழுதியிருக்கிறார்.